கிண்டர் ஸ்கௌட் பனிக்கால நடை: வழிகாட்டிக்குக் காசு கொடுக்கலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் இருக்கிற மலைமேடு கிண்டர் ஸ்கௌட், அதன்மேல் பனியில் கூட்டிப்போகிற வழிகாட்டிக்கு ஆளுக்கு 60 பவுண்டு, அன்றைக்கு நம் கணக்கில் ஆறாயிரத்துச் சொச்சம், கொடுத்த காசு வீணில்லை. ஆனால் இதை நடத்துகிறவர்கள் விளம்பரத்தில் காட்டுகிற காரணத்துக்காக இல்லை. விளம்பரப் படத்தில் நீல வானம், வெள்ளைப் பனி, எட்டின தூரம் வரைக்கும் மலை, நடுவில் சிவப்பு ஜாக்கெட் போட்ட ஒரு பெண் கையை விரித்துக்கொண்டு நிற்கிறாள். நாங்கள் போன அன்று மேலே ஏறினதும் தெரிந்தது முன்னால் போகிறவரின் முதுகுப்பை மட்டும்தான். காட்சிக்காகப் போகிறவர்கள் இந்தக் காசை மிச்சம் பிடித்து, வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்துத் தாங்களே போய்வரலாம். நுழைவுச் சீட்டு கிடையாது, கேட் கிடையாது, யாரும் கேட்க மாட்டார்கள். பனி விழுந்து மேகமும் தரையில் இறங்கிக் கிடக்கிற நாளில் அந்த மேட்டைக் குறுக்கே கடந்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டால்தான் இந்தச் சேவைக்கு அர்த்தம்.

நான் மன்னார்குடியில் பம்புசெட், டிராக்டர் உதிரிபாகம் விற்கிறவன். தங்கச்சி குடும்பம் மான்செஸ்டரில் இருக்கிறது. தை அறுவடைக்கு முன்னால் கடையில் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும், அந்த மார்கழியில் போய்வந்தேன். வந்ததிலிருந்து டீக்கடையில் ஒரே கேள்வி. சித்தப்பா ஒருவர், "ஏன்டா, நடக்குறதுக்கா காசு கொடுத்தே? நம்ம ஊர்ல சும்மாவே நடக்கலாமேடா" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். அவரும் வரும் மாசம் மகன் வீட்டுக்கு அதே மான்செஸ்டருக்குக் கிளம்புகிறார். அவருக்கும், பிள்ளைகளைப் பார்க்கப் போகிற நம் பக்கத்து ஆட்களுக்கும் சேர்த்து ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். நடத்துகிறவர்களின் பெயரைப் போடவில்லை, குறையும் சொல்லப்போகிறேன் என்பதால். மலையடிவாரத்து ஈடேல் கிராமத்துப் பக்கம் இந்த வேலை செய்கிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், யாரிடம் போனாலும் என்ன கேட்க வேண்டும் என்பது இதிலேயே இருக்கிறது.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம். மான்செஸ்டரிலிருந்து ஷெஃபீல்டு போகிற ரயிலில் முக்கால் மணி நேரம் போனால் ஒரு நீளமான குகைப்பாதை வரும், மூன்று கிலோமீட்டருக்கு மேல் இருட்டு, அதை விட்டு வெளியே வந்ததும் ஈடேல். சின்னக் கிராமம். பெனைன் வே என்று 1965-ல் திறந்த நெடும்பாதை இங்கேதான் ஆரம்பித்து ஸ்காட்லாந்து எல்லை தாண்டிப் போய் முடிகிறது, 430 கிலோமீட்டர் சொச்சம். கிராமத்துக்கு மேலே வடக்குப் பக்கம் நிற்கிறதுதான் கிண்டர் ஸ்கௌட். உயரம் 636 மீட்டர், பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவிலேயே உயர்ந்த இடம். கொடைக்கானல் பார்த்த ஆளுக்கு இந்த எண்ணைக் கேட்டால் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது. ஆனால் இது கூம்பு மாதிரி மேலே போய் முடிகிற மலை இல்லை. விளிம்பு வரைக்கும் ஏற்றம், அப்புறம் மேலே முழுக்கத் தட்டை. மரம் கிடையாது, வீடு கிடையாது, மேட்டின் நடுவில் வேலியோ பாதையோ இல்லாத பெரிய பரப்பு. உச்சி என்று சொல்லப்படுகிற இடம்கூட சேற்றுக்கு நடுவில் எங்கேயோ இருக்கிறது, தேடினால்தான் கிடைக்கும்.

தட்டைதானே, நாம் பிறந்ததிலிருந்து தட்டையில்தானே நடக்கிறோம் என்று நம் ஆட்கள் நினைப்பார்கள். அங்கேதான் விஷயமே இருக்கிறது. டெல்டாவில் வழி தப்பவே முடியாது. எந்த வயலில் நின்றாலும் ஒரு கோபுரம் தெரியும், மன்னார்குடியைச் சுற்றி என்றால் ராஜகோபாலசாமி கோயில், அது மறைந்தால் ஒரு செல்போன் டவர், அதுவும் இல்லாவிட்டால் வாய்க்கால் இருக்கிறது. தண்ணீர் மேற்கேயிருந்து கிழக்கே போகிறது, அதைப் பார்த்தாலே திசை தெரிந்துபோகும். கிண்டர் மேல் கோபுரமும் இல்லை, வாய்க்காலை நம்பவும் முடியாது. அந்த மேடு முழுக்க ஆயிரக்கணக்கான வருஷமாக மக்கிச் சேர்ந்த கறுப்பு மண், பீட் என்கிறார்கள். பாசியும் செடியும் தண்ணீரிலேயே ஊறி முழுசாக மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்து உண்டாகிறது, வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். அந்த மண்ணை மழைத்தண்ணீர் வெட்டி வெட்டி, ஆள் உயரத்துக்கு மேல் ஆழமான ஓடைகளாக ஆக்கிவைத்திருக்கிறது. ஓடை ஒன்றும் நேராகப் போகாது. தெற்கே போகிறோம் என்று ஓடைக்குள் இறங்கினால் அது கிழக்கே திரும்பும், அப்புறம் வடக்கே, நாலு திருப்பத்தில் தலையே சுற்றிவிடும். மேலே ஏறி எட்டிப் பார்த்தால் அதே மாதிரி இன்னொரு ஓடை. இதன்மேல் பனி விழுந்தால் எல்லாம் ஒரே வெள்ளை. மேகமும் இறங்கிவிட்டால் தரைக்கும் வானத்துக்கும் வித்தியாசமே தெரியாது. விளிம்புப் பக்கம் போனால் காற்று ஒதுக்கின பனி பாறைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், தரை என்று நினைத்து மிதித்தால் கீழே ஒன்றும் இருக்காது.

சேறு பற்றியும் சொல்ல வேண்டும். மேலே பனி மூடியிருக்கும், கீழே முழுசாக உறைந்திருக்காது. நடவு வயலில் உழவு ஆழமாகப் போன இடத்தில் கால் வைத்தால் முழங்கால் வரைக்கும் இழுக்குமே, அப்படியேதான், ஆனால் ஐஸ் தண்ணீர். நம் வயலில் அடியில் கெட்டித் தரை எங்கே என்று காலுக்குத் தெரியும். இங்கே பனி மேலே இருப்பதால் எந்த இடம் உறைந்திருக்கிறது, எந்த இடம் வாயைத் திறந்து வைத்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. வழிகாட்டி ஒவ்வொரு இடத்திலும் தன் கோலால் குத்திப் பார்த்துவிட்டுத்தான் எங்களை விட்டார். என் தங்கச்சி மாப்பிள்ளை அவசரப்பட்டு ஒரு தடவை பக்கவாட்டில் போய்த் தொடை வரைக்கும் இறங்கிவிட்டார், இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்ததில் ஆள் வந்தார், ஷூவும் வந்தது, மானம் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது.

அன்றைக்குப் போன வழி இது. ஈடேலிலிருந்து மேற்கே அப்பர் பூத் பண்ணை, ஜேக்கப்ஸ் லேடர் என்கிற கல் படிகள், 633 மீட்டர் உயரத்தில் நில அளவைத் தூண் நிற்கிற கிண்டர் லோ, அப்புறம் மேற்கு விளிம்போடு வடக்கே கிண்டர் டவுன்ஃபால் அருவி. அதோடு சுலபமான பாதி முடிந்தது. அங்கேயிருந்து ஆற்றோடு உள்ளே போய், கிண்டர் கேட்ஸ் என்கிற பாறைகள் தாண்டி, பாதையே இல்லாத நடு மேட்டைத் தெற்கே குறுக்காகக் கடந்து க்ரௌடன் டவர் என்கிற பாறைப் பக்கம் விளிம்பைப் பிடித்து, கிரைண்ட்ஸ்லோ நோல் என்கிற குன்று வழியாகக் கீழே இறங்கல். மொத்தம் சுமார் 16 கிலோமீட்டர். 1892-ல் நைஸ்மித் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் போட்ட ஒரு கணக்கை அங்கே இன்னும் வைத்திருக்கிறார்கள்: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. அந்தக் கணக்கில் நாலு மணி நேரத்துச் சொச்சத்தில் முடிந்திருக்க வேண்டும். பனியில் அது எடுபடாது, ஏழு மணி நேரத்தை ஒட்டி ஆனது. ஜனவரி ஆரம்பத்தில் எட்டேகாலுக்கு மேல் விடிந்து நாலேகாலுக்குள் பொழுது சாய்கிற ஊர் அது. கணக்குத் தப்பினால் இருட்டில்தான் இறங்க வேண்டும்.

முதல் பாதிக்கு வழிகாட்டியே தேவையில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பாதை நன்றாக இருக்கிறது, கற்பலகை போட்டிருக்கிறார்கள். பெனைன் வேயில் போட்ட பலகைக் கல் நிறைய, இடித்துப்போட்ட பழைய பருத்தி ஆலைகளின் தரையிலிருந்து எடுத்தது என்று வழிகாட்டி சொன்னார். சிலதில் இயந்திரம் முடுக்கின துளைகூட இருக்கும். உலகத்துப் பருத்தியெல்லாம் போய்ச் சேர்ந்த ஆலைகளின் தரைமேல் நடக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே போனேன். அந்த ஆலைகளின் புகைதான் இந்த மேட்டையும் கெடுத்தது. மான்செஸ்டர், ஷெஃபீல்டு இரண்டு ஊர்ப் புகையும் இரண்டு பக்கமும் அடித்து, பீட்டை உண்டாக்குகிற பாசியைக் கொன்று, மண் வெறுமையாகிக் கரைந்து ஓட ஆரம்பித்தது. இப்போது ஓடைகளில் கல்லை அடுக்கிச் சின்னச் சின்ன அணையாகக் கட்டி, பாசியைக் கையாலேயே மறுபடி நடுகிறார்கள். 2003-லிருந்து மூர்ஸ் ஃபார் தி ஃபியூச்சர் என்கிற அமைப்பு இந்த வேலையில் இருக்கிறது. தண்ணீரை ஓடவிடாமல் நிறுத்துவதுதான் வைத்தியமாம். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று சண்டை போடுகிற ஊரிலிருந்து போன எனக்கு, தண்ணீர் போகக் கூடாது என்று அணை கட்டுகிறவர்களைப் பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்தது.

கற்பலகைமேல் ஐஸ் படிந்திருந்தது, அதற்கு மைக்ரோஸ்பைக் என்று ரப்பர் வளையத்தில் சங்கிலியும் ஆணியும் கோத்த ஒன்றைக் கொடுத்தார்கள், ஷூமேல் இழுத்து மாட்டினால் போதும், அருமையான சாமான். அருவி பாதி உறைந்திருந்தது, பெரிய குளிர் வருஷங்களில் முழுசாக உறையுமாம், அப்போது கோடாலி வைத்துக்கொண்டு ஏற வருவார்களாம். போகிற வழியில் வெள்ளை முயல் ஒன்று குறுக்கே ஓடியது. இங்கிலாந்திலேயே மலை முயல் இந்தப் பக்கம்தான் இருக்கிறது, விக்டோரியா காலத்தில் வேட்டைக்காகக் கொண்டுவந்து விட்டது, குளிர்காலத்தில் மட்டும் வெளுத்துவிடும்.

இனி அறுபது பவுண்டின் இரண்டாவது பாதி. கிண்டர் கேட்ஸ் தாண்டியதும் மேகம் சுத்தமாக மூடியது. வழிகாட்டி எல்லாரையும் நிறுத்தி, வரைபடத்தைப் பிரித்தார். அந்த நாட்டு நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஓஎல்1 தாள், 1:25,000, அதாவது தரையில் 250 மீட்டர் தாளில் ஒரு சென்டிமீட்டர். அதில் போக வேண்டிய இடத்துக்குக் கோடு பிடித்து, திசைகாட்டியில் கோணத்தை வைத்தார். ஜிபிஎஸ் அவர் பையில் இருக்கிறது, ஆனால் முதலில் எடுக்கவில்லை. குளிரில் செல்போன் பேட்டரி திடீரென்று செத்துப்போகும், அதை நம்பி வந்தவர்களைத்தான் இரவில் தேடிப் போக வேண்டியிருக்கிறது என்றார். அப்புறம் செய்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. குழுவில் ஒருவரை முன்னால் அனுப்புவார். மேகத்தில் அவர் மறையப்போகிற நேரத்தில் நில் என்று கத்துவார். திசைகாட்டியைப் பார்த்து, இடது பக்கம் ரெண்டு அடி, போதும் என்று அவரை நேர்க்கோட்டில் நிறுத்துவார். நாங்கள் எல்லாம் அவரிடம் போய்ச் சேருவோம். மறுபடி அடுத்த ஆள். இப்படியே துண்டு துண்டாக, ஓடை குறுக்கே வந்தால் இறங்கி ஏறி, கோடு மாறாமல்.

தூரத்துக்கு என்ன செய்வது? காலடிதான். காலையில் கீழே சமதரையிலேயே எல்லாரையும் 100 மீட்டர் நடக்கவிட்டு, இடது கால் எத்தனை தடவை விழுகிறது என்று எண்ணச் சொல்லியிருந்தார். இதைக் கேட்டதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. போர் போட்ட இடத்திலிருந்து வயல் வரைக்கும் எத்தனை பைப் வேண்டும் என்று காலால் அளந்துதான் இத்தனை வருஷமாக வியாபாரம் செய்கிறேன். பைப் ஒன்று 20 அடி, என் நடைக்கு எட்டுக் காலடி, வீட்டுக்கு வந்து டேப் பிடித்தாலும் ஒரு பைப் கூட மிஞ்சாது. நான் இதைச் சொன்னதும் வழிகாட்டி, அப்படியானால் இன்றைக்கு நீங்கள்தான் எண்ண வேண்டும் என்று வேலையை என்னிடமே கொடுத்துவிட்டார். ஆனால் பனியில் நடை குறுகிவிடுகிறது, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று, கொஞ்ச தூரம் போனதும் ஜிபிஎஸ்ஸை எடுத்து என் எண்ணிக்கையோடு ஒத்துப் பார்த்து, 100 மீட்டருக்கு இத்தனை கூட்டிக்கொள்ளுங்கள் என்று திருத்தினார். விளிம்புக்கு வந்து சேர்ந்தபோது நினைத்த இடத்திலிருந்து கொஞ்சம் கிழக்கே இருந்தோம். அதுவும் தற்செயல் இல்லை. வேண்டுமென்றே ஒரு பக்கம் ஒதுங்கிப் போகிற மாதிரி கோணத்தை வைத்திருக்கிறார், விளிம்பைத் தொட்டதும் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்ற சந்தேகமே வராது என்பதற்காக. இந்த ஒரு யோசனைக்கே நான் கொடுத்த காசு சரியாகிவிட்டது. மாப்பிள்ளைக்கு இதிலெல்லாம் நாட்டமில்லை. "மச்சான், நீங்க எண்ணிக்கிட்டே வாங்க, எனக்குக் கால் விரலே இருக்கான்னு தெரியலே" என்று பின்னால் வந்துகொண்டிருந்தார்.

வழிகாட்டியின் சான்றிதழ் விஷயத்தில் கவனமாக இருங்கள். அங்கே மவுண்டன் ட்ரெய்னிங் என்கிற அமைப்பின் கீழ் பல படிகள் இருக்கின்றன. ஹில் அண்ட் மூர்லேண்ட் லீடர் என்கிற சான்றிதழ் இந்த மாதிரி மேட்டு நிலத்துக்கு என்றே உள்ளதுதான், ஆனால் பனியும் ஐஸும் இல்லாத நாளுக்குத்தான் அது. பனி மூடிய நாளில் கூட்டிப்போகிறவரிடம் விண்டர் மவுண்டன் லீடர் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். எங்கள் ஆளிடம் இருந்தது. கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், இவர் அட்டையை எடுத்தே காட்டினார். காலையில் வானிலை அலுவலகத்தின் மலைப்பகுதி அறிக்கையைப் படித்துக் காட்டி, மேலே காற்று இந்த அளவுக்கு வந்தால் டவுன்ஃபாலோடு திரும்பிவிடுவோம், அதற்குக் காசு திருப்பித் தர மாட்டோம் என்றும் முதலிலேயே சொல்லிவிட்டார். நியாயம்தான். திரும்பத் தெரிந்த வழிகாட்டி கிடைப்பது நல்லது.

இப்போது குறைகள். எட்டுப் பேருக்கு மேல் இருக்காது என்று எழுதியிருந்தார்கள், பதினொன்று பேர். ஒருவரை முன்னால் அனுப்பி நிறுத்தி மற்றவர்கள் போய்ச் சேருகிற வேலையில் இந்த மூன்று பேர் கூடுதல் என்பது சின்ன விஷயம் இல்லை, நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் உடம்பு குளிர்கிறது. வாடகைக்குக் கொடுத்த ஷூ உள்ளே ஈரம், முந்தின நாள் யாரோ போட்டுப்போய் அப்படியே எடுத்து வைத்திருக்கிறார்கள். கேட்டதற்கு அலுவலகத்துப் பெண் சாக்ஸ் இரண்டு ஜோடி போட்டுக்கொள்ளச் சொன்னாள். இரண்டு ஜோடி போட்டால் ஷூ இறுகி ரத்த ஓட்டம் குறைந்து இன்னும்தான் குளிரும் என்று வழிகாட்டியே தலையில் அடித்துக்கொண்டு வேறு ஜோடி தேடித் தந்தார். பதிவுப் படிவத்தில் சைவம் என்று தெளிவாகப் போட்டிருந்தும் இலவச சூப் என்று ஊற்றினது கோழி. இதையாவது மன்னிக்கலாம். மாப்பிள்ளைக்கு இளைப்பு உண்டு, அதையும் அதே படிவத்தில் எழுதியிருந்தோம். வழிகாட்டிக்கு அது போய்ச் சேரவே இல்லை. அவர் வழக்கமாகக் காலையில் தனித்தனியாகக் கேட்கிற ஆள் என்பதால் தெரிந்தது, இன்ஹேலரைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளச் சொன்னார். படிவத்தை யாரும் படிப்பதில்லை என்றால் எதற்கு அத்தனை கேள்வி? நீங்கள் போகும்போது வழிகாட்டியிடம் நேரிலேயே இன்னொரு தடவை சொல்லிவிடுங்கள். வழிகாட்டிக்கு ஐந்துக்கு ஐந்து, அலுவலகத்துக்கு இரண்டுக்கு மேல் மனசு வரவில்லை.

உடை பற்றி நம் ஆட்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மார்கழியில் 20 டிகிரிக்கே மப்ளர் சுற்றுகிறவர்கள் நாம், ஆகையால் குளிருக்குப் பயந்து நிறையப் போட்டுக்கொண்டு போவோம், அதிலும் உள்ளே பருத்தி பனியன். ஏற்றத்தில் வேர்க்கும், பருத்தி வேர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மேலே போய்க் காற்றில் நின்றதும் அந்த ஈரம்தான் ஆளை நடுக்கும். எங்களோடு வந்த ஒரு பையன் ஜீன்ஸ் போட்டிருந்தான், மதியத்துக்குள் அது விறைத்துப் பலகையாகிவிட்டது. உள்ளே செயற்கை இழை அல்லது கம்பளி, நடுவில் ஃப்ளீஸ் என்கிற மெத்தென்ற சட்டை, மேலே காற்றும் தண்ணீரும் புகாத ஜாக்கெட், ஏறும்போது குளிர்கிற மாதிரியே இருக்கும், அதுதான் சரி. தஞ்சாவூரில் வாங்கிப்போன குரங்குக் குல்லா மட்டும் எதிர்பாராத வெற்றி, காதும் கழுத்தும் சேர்ந்து மூடுகிற அந்த வடிவத்துக்கு ஈடு அங்கே இருக்கிற விலை உயர்ந்த சாமானில் இல்லை. கையுறை இரண்டு ஜோடி, கெய்ட்டர் என்கிற முழங்காலுக்குக் கீழ் மூடுகிற உறை, நெற்றியில் மாட்டுகிற விளக்கு, விசில். ஆபத்து என்றால் நிமிஷத்துக்கு ஆறு தடவை ஊத வேண்டும். அங்கே மலை மீட்புக் குழுவினர் எல்லாரும் தன்னார்வலர்கள், காசு வாங்குவதில்லை, 999-ல் போலீஸைக் கேட்டு அவர்களிடம் மலை மீட்பு என்று சொன்னால் வருவார்கள்.

சாப்பாட்டுக்குத் தங்கச்சி புளியோதரை கட்டிக் கொடுத்தாள். ருசிக்குக் குறையில்லை, ஆனால் அந்தக் குளிரில் சோறு பருக்கை பருக்கையாக விறைத்துப்போகிறது, கையுறையைக் கழற்றினால்தான் சாப்பிட முடியும், கழற்றினால் விரல் போய்விடும். நிற்க விடுகிற நேரமும் பத்து நிமிஷம்தான். வேலைக்கு ஆனது நான் ஊரிலிருந்து கொண்டுபோன பொருள்விளங்கா உருண்டை. காலையிலேயே உடைத்துச் சின்னத் துண்டாக்கிப் பையில் போட்டுக்கொண்டேன், மேலே போய் முழுசாகக் கடித்தால் பல் மிஞ்சாது. நடந்துகொண்டே வாயில் ஒதுக்கிக்கொள்ளலாம், மாவும் வெல்லமும் மணிக்கணக்கில் தாங்குகிறது. வழிகாட்டிக்கும் கொடுத்தேன், எங்கே கிடைக்கும் என்று கேட்டார். பிளாஸ்க்கில் சுக்கு காபி கொண்டுபோங்கள், அவர்களுடைய சூப்பை நம்ப வேண்டாம்.

இவ்வளவு பெரிய இடத்தில் யாரும் தடுக்காமல் நடக்க முடிவதற்கும் ஒரு கதை இருக்கிறது. அந்தக் காலத்தில் இது பணக்காரர்கள் பறவை சுடுவதற்கு வைத்திருந்த நிலம், மற்றவர்கள் கால் வைக்கக் கூடாது. 1932 ஏப்ரல் 24 அன்று பென்னி ராத்மன் என்கிற இளைஞர் தலைமையில் மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில், ஹேஃபீல்டு பக்கமிருந்து அத்துமீறி ஏறினார்கள். காவலாளிகளோடு கைகலப்பு, ஐந்து பேருக்குச் சிறை. 1951-ல் இது பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா ஆனது, 2000-ல் வந்த சட்டம் இந்த மாதிரித் திறந்த மேட்டு நிலங்களில் நடக்கிற உரிமையைக் கொடுத்தது. வழிகாட்டி இதை அருவிக்குப் போகிற வழியில் நடந்துகொண்டே சொன்னார், காற்றில் பாதிதான் கேட்டது, மீதியை ரயிலில் மாப்பிள்ளை சொல்லிக்கொண்டு வந்தார்.

வயசானவர்கள் போகலாமா என்றுதான் அதிகம் கேட்கிறார்கள். பனி நாளில் மேட்டைக் கடக்கிற இந்த நடை வேண்டாம், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நிச்சயம் வேண்டாம், இறக்கம்தான் ஏற்றத்தைவிட மோசம். மேலே மறைவுக்கு ஒரு செடிகூட இல்லை, கழிப்பறைக்குக் கீழே ஈடேலுக்குத்தான் வர வேண்டும், பெண்களைக் கூட்டிப்போகிறவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஈடேலிலிருந்து ஜேக்கப்ஸ் லேடர் அடிவாரம் வரைக்கும் போய்த் திரும்புகிற பள்ளத்தாக்கு வழி இருக்கிறது, பனி இருந்தாலும் நடக்கலாம், வழிகாட்டியும் தேவையில்லை, ரயில் காசு மட்டும்தான். சித்தப்பாவிடம் அதைத்தான் சொன்னேன். மனுஷர் கேட்கவில்லை. "நீ போன எடத்துக்கு நான் போவக் கூடாதாடா?" என்று குல்லாவை இரவல் கேட்டிருக்கிறார். மார்ச் கடைசிக்கு மேல் பார்த்துப் பதிவு செய்யுங்கள், அதுவும் மகன் கூட வந்தால் மட்டும் என்று சொல்லியிருக்கிறேன். குல்லாவைக் கொடுத்துவிட்டேன், உருண்டைக்குச் சின்னம்மா ஏற்பாடு செய்கிறார்.